கதைக்குத் தமிழ், இலக்கணத்துக்கு இங்கிலீஷா?

கல்லூரியில் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. முதல் வருஷ மாணவ-மாணவிகள். பலர் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்து வந்தவர்கள்.

புத்தகத்தில் ஒரு சிறுகதை. பேராசிரியர் அந்தக் கதையைத் தமிழில் சொல்கிறார். சுவையாகத்தான் சொல்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மணி அடிக்கிறது. கதை முடிந்துவிட்டது.

புத்தகத்தை யாரும் திறக்கவே இல்லை!

மறுநாள் இலக்கண வகுப்பு. அதே பேராசிரியர்தான். ஆனால் இன்று ஒரு வார்த்தை தமிழ் கிடையாது. கரும்பலகையில் ஒரு விதியை எழுதுகிறார். அந்த விதியை இங்கிலீஷிலேயே விளக்குகிறார். விளக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அதுவும் இங்கிலீஷில்தான் வருகிறது. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்கிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால், "யெஸ் சார்" என்கிறார்கள்.

தமிழ் வேண்டாத இடத்தில் தமிழ். தமிழ் வேண்டிய இடத்தில் இங்கிலீஷ். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இங்கிலீஷ் பாடம் படும் பாட்டுக்கு முக்கியமான காரணம் இதுதான். இதைத் திருப்பிப் போட வேண்டும். இலக்கணத்தைத் தமிழில் விளக்க வேண்டும். கதையை இங்கிலீஷில் படிக்க வைக்க வேண்டும்.

எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் என்று சொன்னால் அது அநியாயம். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் நல்ல ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் கையைப் பிடிக்க ஆள் இல்லாத வகுப்புகள்தான் அதிகம்.

பாஸ் மார்க்கு வந்தது, பாஷை வரவில்லை

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் சரித்திரம் படித்தாலும் சரி, ரசாயனம் படித்தாலும் சரி, கூடவே இரண்டு பாஷைப் பாடங்கள் உண்டு. முதல் பகுதி தமிழ் அல்லது வேறு ஒரு பாஷை. இரண்டாம் பகுதி இங்கிலீஷ். எடுத்துக்கொண்ட பாடம் மூன்றாம் பகுதி. பெரும்பாலான படிப்புகளில் இங்கிலீஷ் முதல் இரண்டு வருஷம், அதாவது நாலு பருவம் வரும். அதில் தேறாமல் பட்டம் கிடையாது.

அதனால் என்ன நடக்கிறது? கடைக்குப் போய் ஒரு கைடு வாங்குகிறார்கள். பழைய கேள்வித்தாள்களைப் புரட்டுகிறார்கள். எந்த ஐந்து கட்டுரை வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த ஐந்தையும் அர்த்தம் தெரியாமல் உருப்போடுகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் அதைக் கொட்டிவிட்டு வருகிறார்கள். ஒரு வரி மறந்தால் அதோடு கட்டுரை நின்றுவிடும். அடுத்த வரியைச் சொந்தமாக எழுதத் தெரியாது.

அரியர் வைக்கிறவர்களும் உண்டு. எப்படியோ மூன்றாம் வருஷத்துக்குள் அதையும் எழுதித் தேறிவிடுகிறார்கள்.

வீட்டில் சந்தோஷம். பிள்ளை பட்டதாரி! அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகக்கூட இருக்கலாம். கல்லூரிச் சம்பளத்துக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்திருக்கலாம். மார்க்கு ஷீட்டில் இங்கிலீஷ் நாலு பருவமும் பாஸ் என்று அச்சடித்திருக்கிறது. பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதானே பெற்றவர்கள் நினைப்பார்கள்?

உண்மை வெளிப்படுவது வேலைக்கான நேர்முகத் தேர்வில்தான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்கிறார்கள். பேர், ஊர் சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கணக்கில் கெட்டிக்காரப் பெண், இங்கிலீஷில் பேச வேண்டும் என்பதற்காகவே மனுப் போடாமல் இருந்துவிடுகிறாள். பிறகு, "ஸ்போக்கன் இங்கிலீஷ்" கற்றுத் தரும் நிலையத்தில் பணம் கட்டுகிறார்கள். கல்லூரி இரண்டு வருஷமாகக் கற்றுக்கொடுத்ததாகச் சொன்ன அதே சரக்கைக் குடும்பம் இரண்டாம் தடவையாக விலை கொடுத்து வாங்குகிறது.

ராமானுஜத்தின் தோல்வி

இந்தியாவில் இங்கிலீஷ் படிப்புக்கு அரசாங்கம் பணம் செலவிட வேண்டும் என்று மெக்காலே எழுதி வைத்தது 1835-ல். சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1857-ல். அன்றிலிருந்து இங்கிலீஷ் பரீட்சை தமிழ்ப் பிள்ளைகளின் தலைவிதியை எழுதி வருகிறது.

கணித மேதை ராமானுஜத்தின் கதை பலருக்குத் தெரியும். 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். இங்கிலீஷ் கட்டுரைப் பாடத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. கல்லூரியும் போயிற்று. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்த அந்தக் கடிதம் இங்கிலீஷில்தான் இருந்தது.

அன்று பரீட்சை கடுமையாக இருந்து பிள்ளையைக் கெடுத்தது. இன்று பரீட்சை உருப்போட வசதியாக இருந்து பிள்ளையைக் கெடுக்கிறது. இரண்டிலும் ஒரு விஷயம் மாறவில்லை. தமிழ்ப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான், ஏன் விழுகிறான் என்று பரீட்சை பார்ப்பதே இல்லை. தவறுக்குச் சிவப்பு மையில் கோடு போடுகிறது. அவ்வளவுதான்.

புலி யாரைக் கொன்றது?

அவன் விழுகிற இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தத் தவறுகள் முட்டாள்தனத்தால் வருகிறவை அல்ல. தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வருகிறவை!

"ராமன் புலியைக் கொன்றான்." இதைப் புரட்டி, "புலியை ராமன் கொன்றான்" என்று சொல்லுங்கள். செத்தது புலிதான். "கொன்றான் ராமன் புலியை" என்று மேடைப் பேச்சுப் போலச் சொன்னாலும் செத்தது புலிதான். ஏன்? "புலியை" என்பதில் "ஐ" என்ற வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலி எங்கே போய் நின்றாலும் உருபு கூடவே போகிறது.

இதையே இங்கிலீஷில் பாருங்கள். "ராமன் கில்டு த டைகர்." புலி செத்தது. "த டைகர் கில்டு ராமன்." ராமன் செத்தான்! வார்த்தைகள் அதேதான். இடம் மாறியது, ஆள் போய்விட்டான். தமிழில் உருபு செய்கிற வேலையை இங்கிலீஷில் இடம் செய்கிறது.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று ஏழாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். கல்லூரியில் அவனிடம் "சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்" என்று புதிய மந்திரம் ஓதுவதற்குப் பதில், "தம்பி, உனக்குத் தெரிந்த அதே மூன்று பேர்தான். இங்கிலீஷில் உருபு இல்லாததால் வரிசையாக நிற்கிறார்கள். வரிசையைக் கலைக்காதே" என்று சொன்னால் போதும். புலியையும் ராமனையும் அவன் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டான்.

அடுத்தது "எ", "த" என்ற இரண்டு குட்டி வார்த்தைகள். எங்கே எது போட வேண்டும் என்று தெரியாமல் பட்டதாரிகளும் தவிக்கிறார்கள். இலக்கணப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. ஆனால் வீட்டில் பாட்டி சொல்லும் கதை எப்படி ஆரம்பிக்கிறது? "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ஒரு மகள் இருந்தாளாம். அந்த மகள்..." என்று போகிறது. முதல் தடவை வரும்போது "ஒரு". தெரிந்த ஆளான பிறகு "அந்த". "எ", "த" இரண்டும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. சூரியனுக்கு எப்போதும் "த" போடுகிறார்கள். தமிழில் யாரும் "அந்தச் சூரியன்" என்பதில்லை. ஆனாலும் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதியைப் படிக்கப் படிக்கத் தாண்டலாம்.

மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து. தமிழில் இவை வால் போலப் பின்னால் வருகின்றன. இங்கிலீஷில் "இன் மதுரை", "டு மதுரை", "ஃபிரம் மதுரை" என்று தலைக்கு முன்னால் போய் நிற்கின்றன. இதைத் தமிழில் சொன்னால் இரண்டு நிமிஷம். இங்கிலீஷில் "பிரிபொசிஷன்" என்று ஆரம்பித்தால் இரண்டு வாரம்.

பிறகு அந்த "எஸ்" இருக்கிறதே! "ஐ கோ" என்றால் சரி. "ஹீ கோ" என்றால் தப்பு. "ஹீ கோஸ்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் இந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டு மார்க்கை இழக்கிறார்கள். அவர்கள் தினமும் பேசும் தமிழில் என்ன நடக்கிறது? போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள். இத்தனை வாலையும் ஒன்றுகூடத் தப்பாமல் நாலு வயதுக் குழந்தை மாற்றி மாற்றிப் போடுகிறது. இத்தனை வாலை ஆளத் தெரிந்தவன் ஒரே ஒரு வாலுக்குப் பயப்படுவதா? இங்கிலீஷில் மற்ற வால்கள் எல்லாம் உதிர்ந்துபோய், "ஹீ", "ஷீ", "இட்" வரும்போது மட்டும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் பயம் போய்விடும். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லில் "எஸ்" வந்தால் பலர். வினைச்சொல்லில் "எஸ்" வந்தால் ஒருவர். பிள்ளைகள் குழம்புவது இங்கேதான்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று சொல்லிவிட்டு ஏச்சு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! "ஹேவ்" என்ற சொல்லுக்கு நேரான வினைச்சொல் தமிழில் கிடையாது. "எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்" என்கிறோம். உடைமையைச் சொல்லத் தமிழுக்கு ஒரு வழி, இங்கிலீஷுக்கு வேறு வழி. அதே போல, "அவன் நேற்று வந்திருக்கிறான்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே "ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று இங்கிலீஷில் சொன்னால் தப்பு. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் "ஹீ கேம்" என்று முடித்துவிட வேண்டும். இது தமிழ் தெரிந்த ஆசிரியர் மட்டுமே எடுத்துச் சொல்லக்கூடிய விஷயம். லண்டனில் அச்சடித்த இலக்கணப் புத்தகத்தில் இது கிடைக்காது.

வீரமாமுனிவர் செய்தது என்ன?

"இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசலாமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் கற்றது எப்படி என்று பார்க்கலாம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழில் காவியமே பாடியவர். பேச்சுத் தமிழின் இலக்கணத்தைத் தம்மைப் போன்ற பாதிரியார்களுக்காக எழுதினார். எந்தப் பாஷையில் எழுதினார் தெரியுமா? அவர்கள் நன்றாக அறிந்திருந்த லத்தீன் பாஷையில்! அந்தப் புத்தகம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நூறு வருஷம் கழித்து, 1839-ல், ஜி.யு. போப் என்ற இளைஞர் தமிழ்நாட்டுக்கு வந்தார். பின்னாளில், 1886-ல், திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் அவர்தான். தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அவர் ஒரு கைப்புத்தகம் எழுதினார். விளக்கம் முழுவதும் இங்கிலீஷில். உதாரணங்கள் தமிழில்.

அவர்கள் தங்கள் தாய்ப்பாஷையை, அல்லது தங்களுக்குப் பழக்கமான பாஷையை, ஏணியாக வைத்துத் தமிழில் ஏறினார்கள். தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு வா என்கிறார்கள்.

தீக்குச்சி வெளிச்சம்

இனிக் கதை. இங்கே ஏணி வேண்டாம். கதையைத் தமிழில் சொல்லிவிட்டால், பிள்ளை அந்தப் பாஷையோடு பழகக் கிடைத்த ஒரே சந்தர்ப்பமும் போய்விடுகிறது.

ஆர்.கே. நாராயண் எழுதிய "ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே" என்ற சிறுகதை பல பாடப்புத்தகங்களில் வந்திருக்கிறது. ஒரு ஜோதிடர். டவுன் ஹால் பூங்கா ஓரத்தில் மரத்தடியில் கடை விரிக்கிறார். தனியாக விளக்குக்கூடக் கிடையாது. பக்கத்திலிருக்கும் வேர்க்கடலைக்காரனின் விளக்கு வெளிச்சத்தில்தான் தொழில் நடக்கிறது. கடை கட்டும் நேரத்தில் ஒரு ஆள் வருகிறான். வம்புக்காரன். பேசிக்கொண்டே ஒரு சுருட்டைப் பற்றவைக்கிறான். தீக்குச்சி வெளிச்சத்தில் அவன் முகம் ஒரு கணம் தெரிகிறது. ஜோதிடருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கைடு புத்தகத்தில் இந்தத் தீக்குச்சிக்கு இடம் இருக்காது. கதைச் சுருக்கம் என்ற பெயரில் முடிவையே முதலில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாணவன் தானே எழுத்துக் கூட்டியாவது அந்தப் பக்கத்தைப் படித்தால், அந்த இடத்தில் நின்றுவிடுவான். ஏன் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை? முன்பே தெரிந்த ஆளா? ஆசிரியர் இதைக் கேட்க வேண்டும். பதிலைச் சொல்லக்கூடாது. அடுத்த பக்கத்தைப் படி, தெரியும் என்று விட்டுவிட வேண்டும். கடின வார்த்தைகள் பத்துக்குக் கரும்பலகையில் தமிழில் அர்த்தம் எழுதிப் போடலாம். அதற்குமேல் உதவக்கூடாது. கதை நாலைந்து பக்கம்தான்.

அதே கதையில் இலக்கணமும் இருக்கிறது. கதை நடப்பது ஒரு இரவில். ஆனால் அந்த இரவுக்குப் பல வருஷம் முன்னால் நடந்த சங்கதி ஒன்று நடுவில் வருகிறது. நடந்து முடிந்த ஒன்றுக்கும் முந்தி நடந்ததைச் சொல்லத்தான் இங்கிலீஷில் "ஹேட்" போட்ட வினைகள் இருக்கின்றன. விதியாகச் சொன்னால் கசக்கும். எந்தச் சங்கதி முந்தி, எது பிந்தி என்று தெரிந்தால்தான் கதையின் மர்மம் விடுபடும் என்ற நிலையில் அந்த "ஹேட்" உயிரோடு தெரியும். மர்மம் என்ன என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த ஆர்.கே. நாராயண் ஒரு காலத்தில் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் தோற்றவர். ஒரு வருஷம் வீட்டில் இருந்தார். அந்த வருஷம் என்ன செய்தார்? இஷ்டப்பட்ட புத்தகங்களைப் படித்தார், எழுதிப் பார்த்தார். 1926-ல் பரீட்சையில் தேறி மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1945-ல் இவர் வெளியிட்ட "தி இங்கிலீஷ் டீச்சர்" நாவலில் கல்லூரி இங்கிலீஷ் ஆசிரியர்தான் கதாநாயகன். அதன் ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை. "ஹானர்ஸ்" என்ற வார்த்தையில் "யு" என்ற எழுத்து வரும் என்று ஒரு மாணவனுக்குத் தெரியவில்லையாம். இங்கிலீஷ் சிறப்புப் பாடம் படிக்கிற மாணவன். அதற்காக வெள்ளைக்காரப் பிரின்சிபால் ஆசிரியர்களைக் கூட்டி வைத்து அங்கலாய்க்கிறார். கதாநாயகன் கடைசியில் கல்லூரி வேலையையே உதறிவிட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறான். "யு" போன பிரச்சினை இன்றும் தீரவில்லை.

இன்னொரு சுவையான செய்தி. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை மிரட்டி வரும் "ரென் அண்ட் மார்ட்டின்" இலக்கணப் புத்தகத்தை எழுதிய இருவரில், ரென் என்பவர் நாவலாசிரியர். பாலைவனத்தில் போரிடும் பிரெஞ்சுக் கூலிப்படையைப் பற்றி 1924-ல் அவர் எழுதிய "போ ஜெஸ்ட்" சக்கைப்போடு போட்டது. ஒரே கை இலக்கணமும் எழுதியது, கதையும் எழுதியது. பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது இலக்கணம் மட்டும்தான்.

ஷேக்ஸ்பியர் மேடைக்கு வந்த வழி

"சிறுகதை சரி, ஷேக்ஸ்பியரை எப்படிப் படிக்க வைப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நானூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ் அது. அதை முதல் வருஷப் பிள்ளையின் தலையில் முழுசாகச் சுமத்துவது தப்பு. ஒரே ஒரு காட்சி போதும். அதையும் நாலு பேர் எழுந்து நின்று வேஷம் கட்டி வாசிக்க வேண்டும்.

தமிழ் மக்களுக்கு ஷேக்ஸ்பியர் வகுப்பு வழியாக வந்ததைவிட மேடை வழியாக வந்ததே அதிகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். அவர் "ஹாம்லெட்" நாடகத்தை "அமலாதித்யன்" ஆக்கினார். "வெனிஸ் நகர வர்த்தகன்" கதை "வாணீபுர வணிகன்" ஆயிற்று. சிவாஜி கணேசனின் "அறிவாளி" படம் 1963-ல் வந்தது. அடங்காத பெண்ணை அடக்கும் ஷேக்ஸ்பியர் நாடகம்தான் அதற்கு மூலம். அதே வருஷம் வந்த "ரத்தத் திலகம்" படத்தில் சிவாஜி ஒதெல்லோவாக மேடையில் தோன்றினார். கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து ஒதெல்லோவைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் பிறந்த வருஷத்தையும், நாடகங்களின் பட்டியலையும் உருப்போடுகிறார்கள்!

அறுபது நோட்டுகள்

ஆசிரியர்கள் பக்கத்திலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. பல வகுப்புகளில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதப் பழகினால்தான் எழுத வரும். எழுதியதை ஒருவர் திருத்த வேண்டும். ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும், அறுபது நோட்டுக்கு ஐந்து மணி நேரம். ஒரு ஆசிரியருக்கு இப்படி மூன்று நாலு வகுப்பு. அவரும் மனிதர்தானே? வீட்டில் அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

வாரத்துக்கு ஆறு வரி எழுதச் சொன்னால் போதும். சொந்த விஷயமாக இருக்க வேண்டும். நேற்று பஸ்ஸில் நடந்தது, வீட்டில் மாடு கன்று போட்டது, தம்பி சைக்கிளிலிருந்து விழுந்தது, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரம் "எஸ்" வாலை மட்டும் பார்க்க வேண்டும். மற்ற தவறுகளை விட்டுவிடலாம். அடுத்த வாரம் "எ", "த" மட்டும். பக்கத்தில் இருக்கிறவனே நோட்டை வாங்கிப் பார்க்கலாம். ஆசிரியர் வாரம் பத்து நோட்டைத் திருத்தினால் ஆறு வாரத்தில் எல்லோருடையதும் ஒரு சுற்று வந்துவிடும். பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு பார்த்த பிள்ளை மறுபடி பேனாவைத் தொடமாட்டான். ஒரே ஒரு கோடு பார்த்தவன் தொடுவான்.

போன் எழுதித் தருமே!

இன்னொரு கட்சி இருக்கிறது. "கதையும் வேண்டாம், கவிதையும் வேண்டாம். பேசக் கற்றுக்கொடுத்தால் போதும். இலக்கியம் சோறு போடுமா?" என்று கேட்கும் கட்சி. இவர்கள் சொல்லித்தருவது என்ன? வணக்கம் சொல்வது, கை குலுக்குவது, போனில் பதில் பேசுவது. இதற்கு ஒரு வாரம் போதும். பிறகு பேச என்ன இருக்கிறது? ஒரு கதையைப் படித்தவனுக்கு, அந்த ஜோதிடன் செய்தது சரியா தப்பா என்று சண்டை போட ஒரு விஷயம் இருக்கும். சண்டை போடும்போது பாஷை தானாக வரும். கோபத்தில் வந்த இங்கிலீஷில் தப்பு இருந்தாலும் பாதகமில்லை. வாய் திறந்ததே பெரிய காரியம்.

"இப்போதுதான் கைப்போனே மொழிபெயர்க்கிறதே, கடிதமும் எழுதித் தருகிறதே, இலக்கணம் எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். போன் எழுதித் தரட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அது எழுதித் தந்ததில் புலி செத்ததா, ராமன் செத்தானா என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? வேலைக்கு மனுவில், வாடகைப் பத்திரத்தில், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது போன் அல்ல. பிள்ளைதான்.

ஒரு கேள்வி மாறினால்...

இத்தனைக்கும் பூட்டு எங்கே இருக்கிறது? கேள்வித்தாளில் இருக்கிறது. பரீட்சையில் என்ன கேட்கிறார்களோ அதைத்தான் வகுப்பில் நடத்துவார்கள். கைடு விற்பதும் அதனால்தான்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு புதிய கதையிலிருந்து ஒரு பக்கம் கொடுங்கள். படித்துவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். சொந்த அனுபவத்தில் பத்து வரி கேளுங்கள். பாதி மார்க்கு இதற்குப் போகட்டும். அடுத்த வருஷமே கைடு கடையில் கூட்டம் குறையும். புதிய கதைக்குக் கைடு போட யாராலும் முடியாது. முதல் தடவை பல பேர் திணறுவார்கள். தேர்ச்சி சதவிகிதம் இறங்கும் என்று கல்லூரி நிர்வாகங்கள் கவலைப்படும். அதற்காக முதல் வருஷம் இந்தக் கேள்விக்குத் தாராளமாக மார்க்குப் போடலாம். எழுத்துப் பிழைக்கு மார்க்கு வெட்ட வேண்டாம். புரிந்துகொண்டானா என்று மட்டும் பார்க்கலாம்.

பல்கலைக்கழகம் முழுவதற்கும் இதை மாற்ற நாளாகும். ஆனால் தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் பல இருக்கின்றன. தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்து, கேள்வித்தாளையும் தாங்களே தயாரிக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. அங்கே பாடத்திட்டக் குழு ஒரு நாள் கூடி உட்கார்ந்தால் போதும், அடுத்த கல்வி ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.